எடுத்ததும் விட்டுவைத்ததும்

வேலூரிலிருந்து காட்பாடி வழியாக மேல்பாடிப் பக்கம் போகிறவர்கள் வள்ளிமலைக்குப் பெரும்பாலும் முருகனுக்காகவே போகிறார்கள். வள்ளி தினைப்புனம் காத்த இடம் என்று ஒன்றைக் காட்டுவார்கள். கிழவனாக வந்த வேலன் விக்கல் எடுத்துத் தண்ணீர் கேட்டபோது வள்ளி அழைத்துப் போன சுனை என்று மற்றொன்றைக் காட்டுவார்கள். தேனும் தினைமாவும் அங்கே படையல். அதே மலையின் பாறையில், சற்றுத் தள்ளி, சமணத் தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. 9ஆம் நூற்றாண்டில் கங்க மன்னன் இராசமல்லன் சமணருக்காக அங்கே குகைக்கோயில் எடுப்பித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. அந்தச் சிற்பங்களை வணங்கியவர்கள் தேனைத் தொடாதவர்கள். ஊனும் கள்ளும் எப்படி விலக்கோ, அப்படியே தேனும் அவர்களுக்கு விலக்கு.

கடவுளுக்கே தேன் கொடுத்துப் பசியாற்றிய பெண்ணின் கதையும், தேனைத் தொட்டால் நோன்பு கெடும் என்ற நெறியும் ஒரே குன்றில் இத்தனை நூற்றாண்டுகளாகச் சண்டையில்லாமல் இருக்கின்றன. முதலில் எனக்கு இது வேடிக்கையாகத்தான் பட்டது. பிறகு யோசிக்க யோசிக்க, எங்கள் பக்கத்தில் தேனைப் பற்றி யார் என்ன பேசினாலும் அது எவ்வளவு எடுப்பது, எவ்வளவு விட்டுவைப்பது என்ற கேள்விக்கே வந்து நிற்கிறது என்று தோன்றியது. எங்கள் பக்கம் என்று நான் சொல்வது பழைய வட ஆர்க்காட்டை. அது 1989இல் இரண்டாகவும், அதிலிருந்து வந்த வேலூர் மாவட்டம் 2019இல் மூன்றாகவும் பிரிந்துவிட்டன. ஆனால் ஜவ்வாது மலைத் தேன் போளூரிலும் விற்கிறது, ஆலங்காயத்திலும் விற்கிறது, ஆகவே பழைய பெயரையே வைத்துக்கொள்கிறேன்.

வள்ளி கதையைத் தெரியாத தமிழர் இல்லை என்பதால் அதை முழுக்கச் சொல்லப் போவதில்லை. வேடர் தலைவன் நம்பிராசன் வளர்த்த மகள் பரண்மீது நின்று கிளி ஓட்டுகிறாள். முருகன் வேடனாக வருகிறான், வேங்கை மரமாக நிற்கிறான், கடைசியில் தள்ளாத கிழவனாக வந்து பசி என்கிறான். அவள் தேனையும் தினைமாவையும் கொடுக்கிறாள். கதை சொல்கிறவர்கள் யானை வந்து பயமுறுத்தும் இடத்துக்கு விரைந்து ஓடிவிடுவார்கள்; நான் நின்று பார்ப்பது இந்த இடத்தில்தான். அந்தத் தேன் விருந்துக்காகத் தேடிக் கொண்டுவந்தது அன்று. புனத்துக்குக் காவல் போகிற பெண் தன் பகல் உணவாகக் கட்டி எடுத்துப் போனது. தினைமாவைத் தண்ணீரில் பிசைந்தால் தொண்டையில் இறங்காது. தேன் விட்டால் பிடிபடும், கெடவும் செய்யாது. வழிப்போக்கனான ஒரு கிழவனுக்கு அவள் தன் பங்கிலிருந்து கொடுத்தாள், அவ்வளவுதான். மலைமேல் இருப்பவர்களிடம் தேன் வீட்டுப் பண்டமாக இருந்தது. கீழே இருக்கும் நமக்குத்தான் அது மருந்தாகவும் அபிஷேகப் பொருளாகவும் ஆனது.

இனி மறுபக்கம். ஆரணி, போளூர், வந்தவாசி, செய்யாறு வட்டாரங்களில் இன்றும் தமிழ்ச் சமணர்கள் வாழும் ஊர்கள் பல இருக்கின்றன. போளூருக்கு அருகே திருமலையில் குந்தவையின் பெயர் தாங்கிய ஜினாலயம், அதாவது சமணக் கோயில், இருக்கிறது. வந்தவாசிப் பக்கம் பொன்னூர் மலையில் சமண ஆசாரியர் குந்தகுந்தரின் திருவடிகளை வணங்குகிறார்கள். என்னோடு வேலை பார்த்த நயினார் ஒருவர், தமிழ்ச் சமணர், அந்தப் பகுதிக்காரர். பொழுது சாய்வதற்கு முன் சாப்பிட்டுவிடுவார். அலுவலகத்தில் யாருக்கேனும் பிறந்தநாள் என்றால் இனிப்பில் என்ன சேர்ந்திருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் கையில் வாங்குவார். ஒருமுறை அவருக்கு இருமல் முற்றியபோது சித்த வைத்தியர் திரிகடுகுச் சூரணத்தைத் தேனில் குழைத்துச் சாப்பிடச் சொன்னார். இவர் அதை வெந்நீரில் போட்டுக் குடித்தார். “தேனில் சாப்பிட்டால்தானே வேலை செய்யும்?” என்று நான் கேட்டதற்கு, “நம் இருமலுக்காக அதுங்க வீட்டை எதுக்குங்க பிழியணும்?” என்றார்.

அவர் பிழியணும் என்று சொன்னதை நான் அன்று பொதுவாகச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன். அவர் சொன்னது உள்ளபடியே அதுதான். பழைய முறையில் தேனடையை முழுதாக அறுத்து வந்து, துணியில் கட்டி, இரண்டு பேராக முறுக்கிப் பிழிவார்கள். அடையின் ஒரு பகுதியில் தேன் இருக்கும், மற்றொரு பகுதியில் முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் இருக்கும். பிழியும்போது எல்லாம் சேர்ந்துதான் வரும். அப்படி வந்த தேன் சீக்கிரம் புளித்தும் போகும். அகிம்சையைத் தலையாய அறமாகக் கொண்டவர்கள் அந்தத் துணியை ஒருமுறை பார்த்திருந்தால் போதும், வேறு தத்துவம் தேவைப்பட்டிருக்காது. தேனும் கள்ளும் ஊனும் ஒரே பட்டியலில் வந்ததற்கு அதுவே காரணமாக இருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

சமணர்கள் தேனை இன்னொரு வகையிலும் கையாண்டார்கள். யானை துரத்த ஓடிய ஒருவன் பாழ்கிணற்றில் விழுந்து, பாதியில் ஒரு வேரைப் பிடித்துத் தொங்குகிறான். கீழே பாம்புகள், மேலே வேரை எலிகள் கொறிக்கின்றன. கிணற்றுக்கு மேலுள்ள மரத்தில் இருந்த கூட்டிலிருந்து ஒரு துளி தேன் அவன் வாயருகே சொட்டுகிறது. அவன் எல்லாவற்றையும் மறந்து நாக்கை நீட்டுகிறான். மனிதருடைய இன்பம் இவ்வளவுதான் என்பது கதையின் கருத்து. தேனைத் தொடாத சமயத்தார் இன்பத்துக்கு எடுத்துக்காட்டாக வேறெதையும் தேடாமல் தேனையே எடுத்தார்கள் என்பதிலிருந்து, அவர்களுக்கு அதன் சுவை தெரியாமல் இல்லை என்று தெரிகிறது.

சமண முனிவர்கள் பாடியதாக வழங்கும் நாலடியாரின் பத்தாம் பாட்டில் தேனீயே சாட்சிக் கூண்டில் ஏறுகிறது. நல்லதை உடுத்தாமல், உண்ணாமல், அறமும் செய்யாமல், யாருக்கும் கொடுக்காமல் சேர்த்து வைப்பவர்கள் அதை இழப்பார்கள். அதற்குத் தேனீயே சாட்சி என்கிறது பாட்டு. பள்ளியில் மனப்பாடம் செய்த நாள் முதல் எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. தேனீயைக் கஞ்சன் என்பது அதன்மேல் போட்ட பொய்வழக்கு. அது தேனை உண்ணாமல் வைத்திருப்பதில்லை. பூ இருக்கும்போது சேர்த்து, பூ இல்லாதபோது உண்கிறது. மழை விடாமல் பெய்யும் நாட்களில் பொந்துத் தேனீ வெளியே போக முடியாது. அப்போது கூட்டில் உள்ள தேன்தான் புழுவுக்கும் ராணிக்கும் கஞ்சி. பூவில் உறிஞ்சிய மதுவில் பெரும்பகுதி தண்ணீர். அதை வாய்க்கு வாய் மாற்றி, அறைகளில் ஊற்றி, சிறகால் விசிறி விசிறி, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஈரம் மட்டும் நிற்கும் வரை வற்றவைத்து, பிறகு மெழுகால் மூடி வைக்கின்றன. ஐரோப்பியத் தேனீயை வைத்துச் செய்த கணக்கின்படி, ஒரு வேலைக்காரத் தேனீ தன் ஆயுள் முழுக்க உழைத்துச் சேர்ப்பது ஒரு தேக்கரண்டியில் 12இல் ஒரு பங்கு. சேர்த்த தேனீ அதை உண்ண உயிரோடிருப்பதும் பெரும்பாலும் இல்லை. அடுத்த தலைமுறைக்குத்தான் அது பயன்படும். இதைக் கருமித்தனம் என்று யாரும் சொல்லக்கூடாது. இழப்பது உண்மை. ஆனால் அது இழப்பதற்குக் காரணம் அதன் குணமன்று, நம் கை.

அந்தக் கை இந்த மலைகளில் எவ்வளவு காலமாக நீண்டுகொண்டிருக்கிறது என்பதற்குச் சங்க இலக்கியமே சாட்சி. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் செங்கண்மாவை ஆண்ட நன்னனைப் பாடியது. செங்கண்மாதான் இன்றைய செங்கம். பாட்டில் வரும் சேயாறு ஜவ்வாது மலையில் பிறந்து இன்றும் அந்தப் பக்கமாகவே ஓடுகிறது, தண்ணீர் இருக்கும்போது. பரிசில் பெறப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்லும் அந்தப் பாட்டில், மலையில் கேட்கும் ஒலிகளை அடுக்கிக்கொண்டு போகும் ஓரிடம் உண்டு. குரங்கும் ஏற முடியாமல் கைவிட்ட செங்குத்தான பாறையில், மால்பு என்னும் மூங்கில் கண்ணேணியைச் சார்த்தி, அதையே வழியாகக் கொண்டு ஏறித் தேன் கொண்ட கானவரின் மகிழ்ச்சி ஆரவாரம் அந்த ஒலிகளுள் ஒன்று. மூங்கில் குழாயில் முதிரவைத்த தேன்கள்ளை வழிப்போக்கருக்குக் குறைவில்லாமல் ஊற்றிய செய்தியும் அதே பாட்டில் வருகிறது. இன்றைக்கு அந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று கதை சொல்கிறவர்கள்; பாட்டில் வரும் கானவரின் நேர் வழித்தோன்றல்கள் என்று அவர்களைச் சொல்லிவிட முடியாது. ஆட்கள் மாறினாலும், அந்தப் பாறையும் அதில் அடை கட்டும் பெருந்தேனீயும் எடுக்கும் முறையும் அதிகம் மாறவில்லை.

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரை அடுத்த ஒரு சிற்றூரைச் சேர்ந்தவர் எனக்குச் சில ஆண்டுகளாகப் பழக்கம். சாமை விளைவிக்கிறார், காலத்தில் கடுக்காயும் புளியும் பொறுக்குகிறார், தேனும் எடுக்கிறார். மலைத்தேன் எடுக்க இரவில், அதுவும் நிலவில்லாத இரவில்தான் போவார்கள். காய்ந்த புல்லுக்குள் பச்சைத் தழையை வைத்துக் கட்டிய பந்தத்தைப் பாறையில் தட்டினால் நெருப்புப் பொறிகள் கீழே உதிரும். இருட்டில் தேனீக்கள் அந்தப் பொறிகளைத் துரத்திக்கொண்டு கீழே போய்விடும். கயிற்றில் தொங்குகிறவன் மேலே இருந்து வேலையை முடிப்பான். புகை ஏன் பயன்படுகிறது என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. புகை பட்டதும் காட்டுத்தீ என்று எண்ணி, கிளம்ப நேர்ந்தால் கையில் ஏதாவது இருக்கட்டும் என்று தேனீக்கள் வயிறு முட்டத் தேனைக் குடிக்கத் தொடங்கிவிடும். அத்துடன், ஒரு தேனீ கொட்டியதும் மற்றவற்றை அழைக்க வெளிவரும் வாசனையைப் புகை மறைத்துவிடும். ஐசோபென்டைல் அசிட்டேட் என்னும் அந்தப் பொருளுக்குப் பழுத்த வாழைப்பழ வாசனை. கொட்டு வாங்கியவுடன் அந்த வாசனை மூக்கில் பட்டால், நின்று முகர்ந்து பார்க்காமல் ஓடுவது நல்லது.

அவர் கொம்புத்தேன் எடுப்பதைத்தான் நான் அருகில் நின்று பார்த்திருக்கிறேன், ஏனென்றால் அதற்குத்தான் எனக்குத் துணிவு உண்டு. உள்ளங்கை அகலத்தில் ஒரே ஒரு அடை, ஒரு முட்செடியின் கிளையில் இலைகளுக்குள் தொங்கியது. அவர் பீடியைப் பற்றவைத்து, குனிந்து, ஊதினாரா மூச்சு விட்டாரா என்று தெரியாத அளவுக்கு மெல்லப் புகையை விட்டார். அடைமேல் போர்த்தியிருந்த தேனீக்கள் பறக்கவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக நகர்ந்து கீழ்நோக்கி இறங்கின, மேல்பகுதி வெளியே தெரிந்தது. கிளையைச் சுற்றித் திரண்டிருந்த அந்த மேற்பகுதிதான் தேன். வெள்ளை மெழுகால் மூடியிருந்தது. அதற்குக் கீழே, மூடிகள் பழுப்பாக இருந்த அறைகளில் புழுக்கள். பேனாக்கத்தி அளவே இருந்த கத்தியால் கிளைக்கு இருபுறமும் தேன் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துத் தேக்கிலையில் வைத்தார். பிறகு, நான் எதிர்பார்க்காத விதமாக, மிச்சமிருந்த கீழ்ப்பாதியை ஒரு நாரால் அதே கிளையில் கட்டினார். “கீழே இருக்கிறது புள்ளைங்க சார். அதையும் எடுத்துட்டா அடுத்த வருசம் யார் வந்து கட்டுவாங்க?” என்றார்.

எல்லாரும் அப்படி விடுகிறார்களா என்று கேட்டேன். சிரித்தார். முன்பு ஒரு பாறை ஒரு குடும்பத்துக்கு, ஒரு மரம் ஒருவருக்கு என்று பேச்சு இருந்ததாம். தன்னுடையது என்று தெரிந்தால் மிச்சம் வைக்கலாம். நாம் விட்டுவைத்ததை நாளைக்கே இன்னொருவன் அறுத்துப் போவான் என்றால் யாரும் விடமாட்டார்கள். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தேனையும் மெழுகையும் பெயர் சொல்லியே சிறு வன மகசூலில் சேர்த்து, அவற்றைச் சேகரிக்கும் உரிமையைக் காட்டில் வாழ்பவர்களுக்கு வழங்கியிருக்கிறது. எடுக்கும் உரிமையைப் பற்றியே நாம் பேசுகிறோம். உரிமை இருப்பவனால்தான் விட்டுவைக்க முடியும் என்பதை அந்த மனிதரிடம் நான் கற்றேன்.

பழமொழிகளில் இந்தக் கணக்கு வேறு விதமாக வருகிறது. முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்டதுபோல என்பது எங்கள் வீட்டில் அடிக்கடி விழுந்த சொல். வரவுக்கு மீறி யாரேனும் மனை வாங்கப் பேசினால் பாட்டி அதைத்தான் எடுத்து வீசுவார். அது ஏதோ நேற்று வந்த கேலி என்று நினைத்திருந்தவனுக்குக் குறுந்தொகையின் 60ஆம் பாட்டைப் படித்தபோது வியப்பாக இருந்தது. பரணர் பாடியது. உயர்ந்த மலையில் தொங்கும் பெருந்தேனைக் கண்ட முடவன், கீழே உட்கார்ந்தபடியே உள்ளங்கையைக் குடைபோலக் குவித்து, தேனைச் சுட்டிச் சுட்டிக் காட்டிக் கையை நக்குகிறான்; அதுபோல, காதலர் அன்பு செய்யாவிட்டாலும் அவரைப் பலமுறை பார்ப்பதே இனிது என்கிறாள் தலைவி. பாட்டில் அவன் கேலிப்பொருள் ஆகவில்லை. அவனுக்கு அந்தத் தேன் இனிக்கிறது. பின்னால் வந்த பழமொழி அவனை அதட்டி உட்காரவைத்துவிட்டது. பாட்டியின் பக்கம் நியாயம் இருந்தாலும், நான் பரணர் கட்சி.

தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்ற பழமொழியைத்தான் என்னால் மன்னிக்க முடிவதில்லை. கையூட்டுக்கு இதைவிடச் சொகுசான போர்வை தமிழில் கிடையாது. எத்தனை அலுவலகங்களில், எத்தனை பேர் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். பாறையில் கயிற்றில் தொங்கி, கொட்டு வாங்கி, இறங்கி வந்தவன் புறங்கையில் வழிந்ததை நக்குகிறான். அது அவன் வேலையின் கூலியிலும் சேராத ஒரு துளி. நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து குடத்தோடு கவிழ்த்துக்கொள்பவனுக்கு அவன் பெயரைக் கடன் கொடுத்தது அநியாயம்.

கீழே, சமவெளியில், தேன் என்றால் முதலில் வரும் பேச்சு அது அசலா போலியா என்பதுதான். அதற்கு வீட்டுக்கு வீடு ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள்: தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் போய் நிற்க வேண்டும், காகிதத்தில் விட்டால் ஊறக்கூடாது, எறும்பு மொய்க்கக்கூடாது, நாய் நக்கக்கூடாது. இவற்றில் எதுவும் உறுதியான சோதனை ஆகாது. கெட்டியாகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகும் தண்ணீரில் அடியில் போய் நிற்கும். ஜவ்வாது மலைத்தேன் போன்ற ஈரம் மிகுந்த நல்ல தேன் காகிதத்தில் ஊறும். எறும்பு, பாவம், தேனையும் மொய்க்கும். தேன் உறைந்தால் சர்க்கரை கலந்துவிட்டான் என்று புட்டியைத் திருப்பிக் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். குளுக்கோஸ் அளவு கூடுதலாக உள்ள பூவின் தேன் தானாகவே உறையும், புட்டியை வெதுவெதுப்பான நீரில் வைத்தால் இளகும். வீட்டு வாசலுக்கே அடையோடும் தேனீயோடும் வாளியில் கொண்டுவந்து கண்ணெதிரே பிழிந்து தருவார்கள். வாளியின் அடியில் வெல்லப்பாகு முன்பே தயாராக இருக்கும். சரியாகத் தெரிய வேண்டுமென்றால் ஆய்வுக்கூடம் வேண்டும். ஆய்வுக்கூடம் இல்லாத எனக்குத் தெரிந்த ஒரே வழி, எடுப்பவரைத் தெரிந்து வைத்திருப்பது. போகிற போக்கில் ஒன்று: தேன்மிட்டாயில் தேன் கிடையாது, அது சர்க்கரைப் பாகில் ஊறிய மாவுருண்டை, அதில் யாரும் ஏமாந்ததாகப் புகார் சொன்னதில்லை.

குழந்தை பிறந்தவுடன் நாவில் தேன் தடவும் வழக்கத்தைப் பற்றி மட்டும் விட்டுக்கொடுக்காமல் எழுத வேண்டியிருக்கிறது. பெரியவர்கள் ஆசையோடு செய்வது அது. நல்ல குணமுள்ளவர் கையால் தேன் தொட்டுவைத்தால் அந்தக் குணம் வரும் என்பார்கள். தேனில் க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற நுண்ணுயிரின் வித்துகள் இருக்கக்கூடும். பெரியவர்களின் குடலில் அவை முளைக்காமல் போய்விடும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கி, தசைகளைத் தளர்த்தி, மூச்சையே நிறுத்தலாம். எவ்வளவு தூய தேனானாலும் இதில் வேறுபாடு இல்லை. எங்கள் வீட்டில் இப்போது பாட்டி விரலை வெறுமனே குழந்தையின் உதட்டில் வைத்து எடுக்கிறார். குணம் விரலில்தானே இருக்கிறது என்று அவரே சொல்லிவிட்டார்.

தேனீக்கள் நம்மைத் தேடி வருவது கோடையில். பங்குனி, சித்திரையில் புங்கமும் வேம்பும் பூத்து முடியும்போது வேலூர் வெயில் 40 பாகையைத் தாண்டிவிடும். கூட்டில் புழுக்கள் இருக்கும் இடம் 35 பாகை அளவிலேயே இருந்தாக வேண்டும். ஆகவே தேனீக்கள் தண்ணீரைக் கொண்டுபோய் அடையில் தெளித்து விசிறுகின்றன. எங்கள் தெருக்குழாயின் அடியில் பாசி பிடித்த சிமெண்டுத் திட்டில் அவை வரிசையாக நின்று தண்ணீர் குடிப்பதை மதியம் முழுக்கப் பார்க்கலாம். ஓடும் நீரில் இறங்காது. ஈரப் பாசியில் வாயை வைத்து, வயிறு ஏறி இறங்க இழுத்துவிட்டு, நேராக எழும்பும். குடம் வைக்க வரும் பெண்கள் அவற்றை ஒதுக்கிவிட்டுப் பிடித்துக்கொண்டு போவார்கள். தண்ணீர் குடிக்கும் தேனீ கொட்டாது என்பது அவர்கள் சொல்லாமலே அறிந்தது.

பெருந்தேனீ மட்டும் வேறு. சாலையோரப் புளியமரங்கள் நெடுஞ்சாலை அகலப்படுத்தலில் போன பிறகு, அது மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிகளின் அடியிலும் அடுக்குமாடிகளின் நீட்டுத்தளத்திலும் வந்து தொங்குகிறது. ஆண்டுதோறும் பூக்காலத்தில் வரும், முடிந்ததும் தேனைக் குடித்துவிட்டு வெற்று அடையை விட்டுப் போய்விடும்; அடுத்த ஆண்டு அதே இடத்துக்கு வரும். அருகில் கதண்டு வந்தால் கூட்டின்மேல் போர்த்தி நிற்கும் தேனீக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வயிற்றைத் தூக்க, கறுப்பும் பளபளப்புமாக ஓர் அலை அடையின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு ஓடி மறையும். எதிரியைக் குழப்பி விரட்டும் வழி அது. அதைப் பார்க்க நேர்ந்தால் கல்லெடுக்கும் பையனின் கையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு மேலே கட்டினால் அகற்றத்தான் வேண்டும். தீயணைப்புத் துறையை அழைப்பதே முறை. ஆனால் யாரும் போகாத தொட்டிக்கடியில் இருந்த கூட்டை, இன்னும் சில வாரங்களில் தானே கிளம்பிவிடும் என்று தெரிந்தும், இரவில் மண்ணெண்ணெய்ப் பந்தத்தால் கொளுத்தி, காலையில் கூட்டிப் பெருக்கி எடுத்ததைப் பார்த்திருக்கிறேன். வள்ளி வழியிலும் சேராத, நயினார் வழியிலும் சேராத செயல்: தேன் யாருக்கும் ஆகவில்லை, தேனீயும் மிஞ்சவில்லை.

பெட்டியில் வளர்ப்பது இந்தச் சிக்கல் பலவற்றைத் தீர்க்கும். கீழ் அறை குஞ்சுகளுக்கு, மேல் அறை தேனுக்கு. மேல் சட்டங்களை மட்டும் எடுத்து, மூடியைச் சீவி, சுழலும் பாத்திரத்தில் வைத்துச் சுற்றினால் தேன் தெறித்து வந்துவிடும், அடை உடையாமல் திரும்பவும் வைக்கலாம். தென்னிந்தியாவில் இதற்கென்று எளிய பெட்டி வந்து நூறாண்டு தாண்டிவிட்டது. 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற நச்சுயிரி நோய் இந்தியத் தேனீக் கூட்டங்களை வாரிக்கொண்டு போனபோது பலர் பெட்டிகளைப் பரணில் ஏற்றிவிட்டு வேறு வேலைக்குப் போனார்கள்; பிறகு மெதுவாகத்தான் மீண்டது. புழு சாகாமல் எடுத்த இந்தத் தேனாவது ஆகுமா என்று நயினாரிடம் கேட்டுப் பார்த்தேன். யோசித்தார். “பிழியலைதான். ஆனா கேட்டு எடுக்கலையே” என்று சொல்லிவிட்டு மோரைக் குடித்தார்.

இவ்வளவும் தேன் தரும் ஈக்களைப் பற்றியது. நமக்குத் தேன் தராமல் உதவுகிறவையும் உண்டு. வேலூரின் பெயரைப் புவிசார் குறியீட்டில் ஏற்றியது இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காய், 2023இல் கிடைத்தது. கத்தரிப்பூவின் மகரந்தப் பை நுனியில் சிறு துளை மட்டுமே கொண்டது. பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரவைத்தால்தான் தூள் நன்றாகக் கொட்டும். தேனீக்கு அந்த வித்தை தெரியாது. மரத்தில் துளையிட்டு வாழும் கரிய தச்சுவண்டுக்கும், வயிற்றில் நீலப்பட்டை போட்ட தனித்து வாழும் ஈக்கும் தெரியும். கத்தரி தன் பூவிலேயே காய்க்கக்கூடியதுதான்; ஆனால் இவை வந்து போன செடியில் காய்ப்பிடிப்பு கூடும். இவற்றிடம் எடுக்க ஒரு துளியும் இல்லாததால் இவற்றுக்குப் பழமொழியும் இல்லை, படையலும் இல்லை. பந்தல் மூங்கிலில் துளை போட்டால் சிமெண்டு வைத்து அடைக்கிறோம். அணைக்கட்டுப் பக்கத்தில் கத்தரி வைத்திருக்கும் எனக்குத் தெரிந்த தோட்டக்காரர், காலையில் பூ விரிந்திருக்கும் நேரத்தில் மருந்தடிப்பதை நிறுத்திப் பொழுது சாய்ந்தபின் அடிக்கிறார். வேலியோரத்தில் பட்டுப்போன முருங்கைக் கட்டை ஒன்றை வெட்டாமல் வண்டுக்கென்று விட்டிருக்கிறார். பக்கத்து வரப்புக்காரர் இன்னும் காலையில்தான் அடிக்கிறார், ஆள் கிடைப்பது அப்போதுதான் என்கிறார்.